நண்பர்கள் ஆட ஒரு கேம் சர்வர்: வீட்டிலா, மாத வாடகைக்கா, மணிக்கணக்கிலா?

சொந்தமாக கேம் சர்வர் (எல்லோரும் சேர்ந்து ஆடும் உலகத்தை ஓட்டும் கணினி) வைக்க நினைக்கும் எவரும் முதலில் கேட்பது, "எத்தனை ஜிபி ரேம் வேண்டும்?" என்பதுதான். விற்பவர்களும் 4 ஜிபி, 8 ஜிபி, 16 ஜிபி என்று ரேமை வைத்தே திட்டங்களை அடுக்கியிருக்கிறார்கள். ரேம் போதாவிட்டால் சர்வர் விழுந்துவிடும், அது உண்மை. ஆனால் போதுமான ரேம் வந்த பிறகு அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். காசு எங்கே போகிறது, லேக் (ஆட்டம் திணறுவது) எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்மானிப்பவை வேறு இரண்டு: மாதத்தில் எத்தனை மணி நேரம் சர்வர் ஓட வேண்டும், அந்த கேம் பிராசசரின் ஒரே ஒரு கோரிடம் எவ்வளவு வேகம் கேட்கிறது.

ஒரு மாதத்துக்கு 720 மணி நேரம். வாரம் நான்கு மாலை, தலா மூன்று மணி நேரம் ஆடும் ஒரு குழு மாதத்தில் சுமார் 52 மணி நேரம்தான் ஆடுகிறது. மொத்த நேரத்தில் 7 சதவீதம்! மீதி 93 சதவீத நேரமும் ஆளில்லாத உலகத்துக்கு வாடகை கட்டுகிறோம். மாறாக, பல நேர மண்டலங்களில் இருக்கும் 40 பேர் மாறி மாறி வந்துபோகும் சர்வர் என்றால் அணைக்கவே முடியாது. இந்த இரண்டு குழுக்களுக்கும் ஒரே பதில் இருக்க முடியாது.

கோர் விஷயத்துக்கு வருவோம். மைன்கிராஃப்ட் ஒரு நொடிக்கு 20 டிக் ஓடுகிறது; டிக் என்பது சர்வர் உலகத்தை ஒருமுறை புதுப்பிப்பது. ஒரு டிக்குக்குக் கிடைப்பது 50 மில்லி நொடி. ஃபேக்டோரியோ நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. அங்கே கிடைப்பது 17 மில்லி நொடிக்கும் குறைவு. மைன்கிராஃப்டில் ஒரு டிக்குக்கு 70 மில்லி நொடி பிடித்தால் உலகமே நொடிக்கு 14 டிக் வேகத்தில் நகரும்: உடைத்த கல் திரும்ப முளைக்கும், கதவு தாமதமாகத் திறக்கும், மிருகங்கள் இழுத்து இழுத்து நடக்கும். மிருகங்களின் நடமாட்டம், ரெட்ஸ்டோன் சுற்றுகள், பொருட்களை நகர்த்தும் ஹாப்பர் எல்லாம் பெரும்பாலும் ஒரே திரெட்டில் (ஒரு நேரத்தில் ஒரு கோரில் மட்டும் ஓடும் வேலை வரிசையில்) ஓடுவதால், மெதுவான எட்டு கோர் இந்த நோயைத் தீர்க்காது. வேகமான இரண்டு கோர் தீர்த்துவிடும். பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜியான் கோரையும் 5 கிகாஹெர்ட்ஸ் தொடும் புதிய ரைசன் கோரையும் ஒரே "வி-சிபியு" (வாடகைக்கு விடும் பிராசசர் பங்கு) என்ற பெயரில் விற்கிறார்கள். வித்தியாசம் இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும்.

ஆடுபவரே ஹோஸ்ட்

செலவே இல்லாத வழி இது. வால்ஹைம், டெர்ரேரியா, ஃபேக்டோரியோ போன்றவற்றில் ஒருவர் கேமுக்குள்ளேயே உலகத்தைத் திறந்துவிட்டால் மற்றவர்கள் சேர்ந்துகொள்ளலாம். அவர் வராத நாளில் யாருக்கும் ஆட்டம் இல்லை என்பது ஒன்றுதான் பெரிய குறை. மூன்று நான்கு பேர், எப்போதும் சேர்ந்தே ஆடுபவர்கள் என்றால் இதற்கு மேல் எதுவும் வேண்டாம். உலகம் சேமிக்கப்படும் ஃபைலை மட்டும் வாரம் ஒருமுறை இன்னொருவர் கணினியிலும் நகலெடுத்து வையுங்கள்.

வீட்டுக் கணினி: கரண்ட் பில் கணக்கு

வீட்டில் வைத்தால் இலவசம் என்று சொல்வது பாதி உண்மைதான். 24 மணி நேரமும் ஓடும் கருவி ஒவ்வொரு 10 வாட்டுக்கும் மாதம் 7.2 யூனிட் மின்சாரம் எடுக்கும். கிராஃபிக்ஸ் கார்டு உள்ள டெஸ்க்டாப் சும்மா இருக்கும்போதே 90 வாட் இழுத்தால் மாதம் 64.8 யூனிட். அலுவலகங்களில் கழித்துக்கட்டும் கையளவு மினி பிசி 12 வாட்டில் ஓடினால் 8.6 யூனிட். உங்கள் கடைசி மின்கட்டண அடுக்கில் யூனிட்டுக்கு என்ன விலையோ அதால் பெருக்கிப் பாருங்கள். சராசரி விலையால் அல்ல. கூடுதலாக ஓடும் யூனிட்டுகள் எல்லாம் மேல் அடுக்கிலேயே விழும். பல வீடுகளில் 90 வாட் டெஸ்க்டாப்பின் மாதச் செலவு ஒரு சிறிய வாடகை சர்வரை எட்டிவிடும். மினி பிசி எட்டாது. அதே டெஸ்க்டாப்பை ஆடும் 52 மணி நேரம் மட்டும் ஓட்டினால் 5 யூனிட் கூட ஆகாது.

எத்தனை வாட் என்று கணித்துக்கொண்டிருக்க வேண்டாம். பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்றை இரண்டு நாள் மாட்டினால் உண்மை தெரியும்.

அடுத்தது அப்லோட். சர்வர் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாகத் தகவல் அனுப்புகிறது. ஓர் ஆளுக்கு நொடிக்கு 50 கேபி என்று வைத்துக்கொண்டால் பத்துப் பேருக்கு 4 எம்பிபிஎஸ். டவுன்லோட் 100 இருந்தும் அப்லோட் 5 மட்டுமே தரும் இணைப்பில் இது விளிம்பு நிலை. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது கைபேசிப் படங்களைக் கிளவுடில் ஏற்ற ஆரம்பித்தால் எல்லோருடைய பிங்கும் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) ஒன்றாகத் துள்ளும். ரவுட்டரில் வரிசை மேலாண்மை (எஸ்க்யூஎம்) வசதி இருந்தால் அதை இயக்கி, அப்லோட் வரம்பை உண்மையான வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அதிலேயே பாதிப் புகார்கள் நின்றுவிடும்.

வீட்டுத் திட்டத்தை முளையிலேயே கொல்வது பெரும்பாலும் சிஜிநாட். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் வான் (WAN) ஐபி, அதாவது இணையத்தை நோக்கிய முகவரி, என்ன என்று பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்ணாக இருந்தால், அல்லது வெளித்தளம் ஒன்று காட்டும் உங்கள் ஐபியோடு ஒத்துப்போகாவிட்டால், பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்கிறீர்கள்; அதுதான் சிஜிநாட். அப்படியானால் ரவுட்டரில் எத்தனை முறை போர்ட் ஃபார்வர்ட் செய்தாலும் (வெளியிலிருந்து வரும் இணைப்பைச் சர்வருக்குத் திருப்பினாலும்) பலிக்காது. வழிகள் மூன்று: இணைய நிறுவனத்திடம் தனிப் பொது ஐபி கேட்பது (இதற்கு மாதக் கட்டணம் இருக்கலாம்); டெயில்ஸ்கேல், சீரோடியர் போன்ற தனியார் வலையமைப்பில் எல்லா நண்பர்களையும் சேர்ப்பது; பிளேஇட் போன்ற, இணைப்பை வெளிச் சர்வர் வழியாகக் கடத்தும் டனல் சேவை வழியாக விடுவது. ஐந்தாறு பேருக்கு இரண்டாவது வழி நல்லது. உங்கள் வீட்டு ஐபி வெளியே தெரியாது என்பதும் சேர்ந்த லாபம். பொதுச் சர்வரை வீட்டு ஐபியில் திறப்பதை நாங்கள் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கோபித்துக்கொண்ட ஒரே ஓர் ஆள் டிடாஸ் தாக்குதல் (போலித் தகவலைக் கொட்டி இணைப்பை அடைப்பது) நடத்தினால் கேம் மட்டுமல்ல, வீட்டின் மொத்த இணையமும் போய்விடும்.

சிஜிநாட் இல்லையென்றால் வேலை சுலபம். கணினிக்கு உள் ஐபியை நிலையாக ஒதுக்குங்கள். பிறகு மைன்கிராஃப்டுக்கு டிசிபி 25565, வால்ஹைமுக்கு யுடிபி 2456, 2457, ஃபேக்டோரியோவுக்கு யுடிபி 34197, பால்வேர்ல்டுக்கு யுடிபி 8211 என்று திறந்துவிடுங்கள். டிசிபி, யுடிபி இரண்டும் தகவல் அனுப்பும் வெவ்வேறு முறைகள். யுடிபி கேட்கும் கேமுக்கு டிசிபியைத் திறந்துவிட்டுத் தலையைப் பிய்த்துக்கொள்வதுதான் இங்கே மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை. திறந்த பிறகு சோதிக்கும்போது வீட்டு வைஃபையில் இருந்தபடி பொது ஐபிக்குப் போகாதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வரும் அந்தச் சுற்றுப் பாதையைத் தராது. சர்வர் சரியாக இருந்தும் இணைப்பு தோற்றதாகவே தெரியும். கைபேசி டேட்டாவில் சோதியுங்கள்.

மின்தடை உள்ள இடங்களில் பழைய லேப்டாப் நல்ல சர்வர். பேட்டரியே யுபிஎஸ். மூடியை மூடினால் தூங்கிப்போகும் அமைப்பை மட்டும் மாற்றிவிட வேண்டும்.

கேம் ஹோஸ்டிங் நிறுவனங்கள்

கார்டைக் கொடுத்தால் பத்து நிமிடத்தில் சர்வர் தயார். லினக்ஸ் தெரிய வேண்டாம், ஃபயர்வால் தெரிய வேண்டாம், மோட் பேக்கை (கேமை மாற்றியமைக்கும் கூடுதல் தொகுப்பை) ஒரு பட்டனில் ஏற்றலாம். அந்த வசதிக்குத்தான் விலை. மைன்கிராஃப்ட் என்றால் ரேம் கணக்கிலும், ரஸ்ட், ஆர்க் போன்றவை என்றால் பல இடங்களில் ஆள் கணக்கிலும் வசூலிப்பார்கள். மைன்கிராஃப்டின் அதிகாரபூர்வ ரியல்ம்ஸும் இந்த வகைதான்: உரிமையாளரோடு இன்னும் பத்துப் பேர் வரை ஒரே நேரத்தில் ஆடலாம், பராமரிப்பு சிறிதும் இல்லை, ஆனால் ஜாவா பதிப்பில் ப்ளகின், மோட் எதுவும் போட முடியாது.

ஒரு நிறுவனத்தைத் தேர்வதற்கு முன் மூன்று கேள்விகள் போதும். சிபியுவின் மாடல் எண் என்ன? "உயர்வேக பிராசசர்" என்று மட்டும் பதில் வந்தால் அடுத்த நிறுவனத்துக்குப் போகலாம். சிபியு வரம்பு எவ்வளவு? டெரோடாக்டில் என்ற சர்வர் நிர்வாகப் பேனலில் 100 சதவீதம் என்றால் ஒரே ஒரு திரெட். புது நிலப்பரப்பு உருவாகும்போது அது போதாது, 200 சதவீதமாவது வேண்டும். பேக்கப் எங்கே இருக்கிறது, எஸ்எஃப்டிபி (ஃபைல்களை மாற்றும் முறை) வழியாக முழு உலகத்தையும் நாமே இறக்கிக்கொள்ள முடியுமா? முடியாதென்றால் விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். உங்கள் உலகம் அங்கே சிறைப்பட்டுவிடும்.

இங்கே ரேம் தொடர்பாக ஒரு சிக்கல் அடிக்கடி வரும். 4 ஜிபி திட்டம் வாங்கியவர் ஜாவாவின் ஹீப் (கேமின் தரவுக்கு ஒதுக்கும் நினைவகம்) அளவையும் முழு 4 ஜிபியாக வைத்துவிடுவார். ஜாவாவுக்கு ஹீப்பைத் தாண்டியும் நினைவகம் வேண்டும்; திட்டத்தின் ரேம் வரம்பைத் தொட்டதும் சிஸ்டம் சர்வரைக் கொன்றுவிடும். லாகில் பிழைச் செய்தி எதுவும் இருக்காது, பாதியில் வெறுமனே நின்றுபோயிருக்கும். 4 ஜிபிக்கு 3,200 எம்பி வரை வைத்தால் இது நடக்காது.

விபிஎஸ்

விபிஎஸ் என்பது பெரிய இயந்திரம் ஒன்றிலிருந்து பிரித்து வாடகைக்கு விடும் மெய்நிகர் கணினி. அதே பணத்துக்கு இதில் அதிக ரேம், அதிக டிஸ்க் கிடைக்கும். ஒரே பெட்டியில் மைன்கிராஃப்ட், வாய்ஸ் சர்வர், டிஸ்கார்ட் பாட் மூன்றையும் ஓட்டலாம். பதிலுக்கு நிர்வாகம் முழுவதும் உங்கள் தலையில்: தொலைவிலிருந்து உள்நுழைய எஸ்எஸ்எச் சாவி, ஃபயர்வால், அப்டேட், சர்வர் விழுந்தால் தானாக எழும் சிஸ்டம்டி அமைப்பு, பேக்கப். முதல் வார இறுதி முழுக்கப் போகும்; பிறகு மாதம் ஒன்றிரண்டு மணி நேரம். லினக்ஸில் கை பழகியவர் குழுவில் ஒருவராவது இருந்தால் மட்டும் இந்த வழி.

பகிர்ந்த வி-சிபியு திட்டங்களில் கவனிக்க வேண்டியது "ஸ்டீல்" நேரம். லினக்ஸின் டாப் கட்டளை காட்டும் சிபியு வரியில் கடைசியில் வரும் எண் அது. பக்கத்து வாடிக்கையாளர்கள் உங்கள் பிராசசர் நேரத்தை எவ்வளவு தின்கிறார்கள் என்று காட்டும். மாலை நேரக் கூட்டத்தில் அது தொடர்ந்து 5 சதவீதத்துக்கு மேல் நின்றால் எந்த அமைப்பை மாற்றினாலும் லேக் போகாது. தனி வி-சிபியு திட்டத்துக்கோ வேறு நிறுவனத்துக்கோ மாறியே ஆக வேண்டும். அமேசான் கிளவுடின் டி-3 போன்ற "பர்ஸ்ட்" வகைகள் சேமித்து வைத்த கிரெடிட்டில் ஓடுபவை. தொடர்ந்து சில மணி நேரம் ஆடினால், உங்கள் அமைப்பைப் பொறுத்து, வேகம் சரியும் அல்லது கூடுதல் கட்டணம் ஏறும்.

இலவச ஆர்ம் (கைபேசிகளில் இருக்கும் வகைப் பிராசசர்) விபிஎஸ்ஸைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஆரக்கிள் கிளவுடின் இலவச ஆர்ம் இயந்திரங்களில் ஜாவா மைன்கிராஃப்ட் நன்றாகவே ஓடும். ஆனால் வால்ஹைம் போன்ற சர்வர்கள் எக்ஸ்86-க்காக, அதாவது இன்டெல், ஏஎம்டி வகைப் பிராசசர்களுக்காகக் கட்டப்பட்டவை. அவற்றை இறக்க உதவும் ஸ்டீம்சிஎம்டியும் அப்படித்தான். பாக்ஸ்64 என்ற மொழிபெயர்ப்பு அடுக்கின் மேல் ஓட்ட வேண்டும், வேகம் குறையும். மேலும் சும்மா கிடக்கும் இலவச இயந்திரங்களை ஆரக்கிள் திரும்ப எடுத்துக்கொள்ளும் விதி இருக்கிறது. அங்கே ஆடுங்கள்; உலகத்தின் ஒரே நகலை அங்கே வைக்காதீர்கள்.

மணிக்கணக்கு கிளவுட்

52 மணி நேரக் குழுவுக்கு ஏற்ற வழி இதுதான் என்பது எங்கள் கருத்து. பலர் இதைத் தொடாமல் போவது அமைக்கும் சிரமத்தால் மட்டுமே. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 8 ஜிபி ரேம் உள்ள இயந்திரம் மணிக்கு 10 சென்ட் என்று வையுங்கள். முழு மாதம் ஓடினால் 72 டாலர். 52 மணி நேரத்துக்கு 5.20 டாலர். அணைத்திருக்கும்போதும் டிஸ்க்குக்கு வாடகை உண்டு: ஜிபிக்கு 8 சென்ட் வீதம் 30 ஜிபிக்கு 2.40 டாலர். ஆக 7.60. இதே அளவு ரேமுக்கு மாத வாடகை 12 டாலர் கேட்கிறார்கள் என்றால், எத்தனை மணி நேரம் வரை மணிக்கணக்கு லாபம்? மாத வாடகையில் டிஸ்க் செலவைக் கழித்து, மணி விலையால் வகுக்க வேண்டும்: 9.60-ஐ 0.10-ஆல் வகுத்தால் 96 மணி நேரம். அதற்கு மேல் ஆடும் மாதங்களில் மாத வாடகையே மலிவு. பள்ளி விடுமுறையில் நேரம் இரண்டு மடங்காகும் குழுக்கள் இதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளட்டும்.

கணக்கில் பலர் விடுவது இரண்டு. ஒன்று, பொது ஐபி. அமேசான் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வாங்குகிறது. நிலையான முகவரியைப் பிடித்து வைத்தால் சர்வர் அணைந்திருந்தாலும் மாதம் 3.60 டாலர். ஒவ்வொரு முறை எழும்போதும் புது ஐபி வாங்கி, டொமைன் பெயரை அதற்குத் திருப்பும் சிறு ஸ்கிரிப்ட் எழுதினால் அது மிச்சம். மற்றொன்று, வெளியே போகும் டேட்டா. ஐந்து பேர், ஆளுக்கு நொடிக்கு 50 கேபி, 52 மணி நேரம்: சுமார் 47 ஜிபி. அமேசானின் மாதம் 100 ஜிபி இலவச எல்லைக்குள் அடங்கிவிடும். ஆனால் பத்துப் பேர் தினம் நான்கு மணி நேரம் ஆடினால் 216 ஜிபி. எல்லை தாண்டிய 116 ஜிபிக்கு, பெரும்பாலான அமெரிக்க, ஐரோப்பியப் பிராந்தியங்களின் 9 சென்ட் விலையில், 10 டாலருக்கு மேல். இயந்திர வாடகையோடு போட்டி போடும் தொகை இது. சாதாரண விபிஎஸ் நிறுவனங்களில் பெரும்பாலும் டெராபைட் கணக்கில் டேட்டா சேர்ந்தே வரும்.

அணைத்தால் கட்டணம் நிற்கும் என்று எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது. அமேசானிலும் கூகுள் கிளவுடிலும் நிறுத்திய இயந்திரத்துக்கு சிபியு கட்டணம் இல்லை. ஹெட்ஸ்னர், டிஜிட்டல்ஓஷன் போன்றவற்றில் அணைத்து வைத்த சர்வருக்கும் முழுக் கட்டணம் ஓடும். அங்கே மிச்சம் பிடிக்க, ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் முழு நகல்) எடுத்து, சர்வரையே அழித்து, அடுத்த முறை ஸ்னாப்ஷாட்டிலிருந்து எழுப்ப வேண்டும்.

தானாக அணையும் ஏற்பாடு இப்படி அமையட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஆர்கான் (RCON, சர்வருக்குத் தொலைவிலிருந்து கட்டளையிடும் வசதி) வழியாக உள்ளே எத்தனை பேர் என்று கேட்பது. தொடர்ந்து மூன்று முறை பூஜ்யம் வந்தால் சேமித்து, கேமை நிறுத்தி, உலகத்தை வேறொரு சேமிப்பகத்துக்கு நகலெடுத்து, பிறகே இயந்திரத்தை அணைப்பது. எழுப்புவதற்கு டிஸ்கார்ட் பாட்டில் ஒரு கட்டளை. சர்வரை டாக்கர் என்ற கண்டெய்னர் மென்பொருளில் ஓட்டுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும்: நிறுத்தச் சொன்னால் டாக்கர் இயல்பாக 10 நொடிதான் காத்திருக்கும், பிறகு வலுக்கட்டாயமாகக் கொன்றுவிடும். பெரிய உலகம் 10 நொடியில் சேமித்து முடியாது. கட்டிய வீட்டின் பாதிதான் மறுநாள் இருக்கும். காத்திருப்பை 120 நொடியாக உயர்த்துங்கள். உபரியாக இருக்கும்போது மட்டும் கிடைக்கும் ஸ்பாட் இயந்திரங்கள் இன்னும் மலிவு; ஆனால் அமேசான் இரண்டு நிமிட முன்னறிவிப்போடு பிடுங்கிக்கொள்ளும். அந்த அறிவிப்பைக் கேட்டுச் சேமிக்கும் ஸ்கிரிப்ட் இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

முழு இயந்திரம்

ரஸ்டில் நூறு பேர், ஆர்க்கில் பல வரைபடங்கள், ஐந்தாறு குழுக்கள் சேர்ந்து பகிர்வது என்று வளர்ந்துவிட்டால் தனி இயந்திரம்தான் மலிவு. வேறு யாரும் கோரைத் திருட மாட்டார்கள். பழைய தலைமுறை இயந்திரங்களை ஹெட்ஸ்னர் ஏலப் பிரிவில் குறைந்த விலைக்கு விடுகிறது. ஏலத்தில் 128 ஜிபி ரேமைப் பார்த்து மயங்காமல் சிபியுவின் ஒற்றைக் கோர் மதிப்பெண்ணைப் பாருங்கள். பொதுச் சர்வர் என்றால் ஓவிஎச் தரும் கேம் வகை இயந்திரங்களில் டிடாஸ் பாதுகாப்பு சேர்ந்தே வருவது பெரிய நிம்மதி.

பெரிய திட்டம் வாங்கும் முன்

லேக் வந்ததும் அடுத்த திட்டத்துக்குத் தாவுவது வழக்கம். அதற்கு முன் அமைப்புகளைக் குறைத்துப் பாருங்கள். மைன்கிராஃப்டில் பார்வை தூரம் 10 என்றால் ஒவ்வோர் ஆளைச் சுற்றியும் 21 பெருக்கல் 21, அதாவது 441 சங்க் (உலகத்தின் சதுரத் துண்டு). 6 ஆக்கினால் 169, பாதிக்கும் கீழே. பார்வை தூரம் ரேமையும் அப்லோடையும் தின்னும், சிமுலேஷன் தூரம் (மிருகங்களும் பயிர்களும் இயங்கும் பரப்பு) சிபியுவைத் தின்னும். முதலில் இரண்டாவதைக் குறையுங்கள், ஆடுபவர் கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது. எல்லைக்கோடு போட்டு, சங்கி ப்ளகினால் உலகத்தை முன்கூட்டியே உருவாக்கி வைத்தால், ஆட்கள் புதுத் திசையில் பறக்கும்போது வரும் திணறல் போய்விடும். 10,000-க்கு 10,000 பிளாக் பரப்பு என்றால் சுமார் 3,90,000 சங்க். ஆளில்லாத இரவில் ஓட விடுங்கள். உண்மையான குற்றவாளி யார் என்பதை ஸ்பார்க் என்ற அளவி காட்டும்; பல முறை அது ஒரே ஒருவர் கட்டிய கிராமவாசிப் பண்ணையாக இருக்கும். பால்வேர்ல்ட் சர்வரில் நேரம் ஆக ஆக ரேம் ஏறிக்கொண்டே போனால், ரேம் வாங்குவதைவிட தினம் ஒருமுறை மறுதொடக்கம் வைப்பது மேல்.

பிங் மட்டும் பணத்தால் தீராது. ஃபைபரில் ஒளி போய்த் திரும்ப ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்கும் சுமார் 1 மில்லி நொடி. 5,000 கிலோமீட்டர் தொலைவில் எவ்வளவு விலை உயர்ந்த சர்வர் வைத்தாலும் 50-க்குக் கீழே வராது. கட்டுமான கேம்களுக்கு 150 கூடத் தாங்கும், சுடும் ஆட்டத்துக்குத் தாங்காது. அங்கே விலையைவிட இடமே முதலில்.

எந்த வழியை எடுத்தாலும் தொடக்கத்திலேயே சொந்த டொமைன் பெயர் ஒன்றை வாங்கி, அதன் டிடிஎல்லை (பழைய முகவரியை மற்றவர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாக வையுங்கள். மைன்கிராஃப்டுக்கு, போர்ட் எண்ணையும் சொல்லும் எஸ்ஆர்வி பதிவும் டொமைனில் போட்டுவிட்டால் போர்ட் எண் மாறினாலும் ஆடுபவர்களுக்குத் தெரியாது. வருடக் கட்டணத் தள்ளுபடியைத் தொடாமல் முதலில் ஒரே ஒரு மாதம் எடுங்கள். அதிகக் கூட்டம் வரும் மாலையில் டிக் நேரத்தையும் ஸ்டீல் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். டிக் 50 மில்லி நொடியைத் தாண்டிக்கொண்டே இருந்தால் உலகத்தை இறக்கி வேறிடத்தில் ஏற்றி, டொமைனைத் திருப்பினால் போதும். ஐந்து நிமிடத்தில் எல்லோரும் பழைய முகவரியிலேயே புது சர்வருக்கு வந்துவிடுவார்கள்.